ஒரு சரியான வாக்கியம்

ஓசூரில் ஞாயிறுதோறும் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருவார் அந்த மெஷின் ஆபரேட்டர். நரைத்த மீசை, கம்பெனிச் சட்டை. எதையும் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்த பிறகே வாய்விட்டுச் சொல்வார்.

அன்று, ஓரிடத்தில் முடங்கிக் கிடப்பதைக் குறிக்கும் ‘கன்ஃபைன்டு’ என்ற சொல்லை வைத்து வாக்கியம் கேட்டார் ஆசிரியை. ஆபரேட்டர் எழுந்தார்.

“மை வொய்ஃப் இஸ் கன்ஃபைன்டு டு பெட்.”

“எக்ஸலண்ட்!” என்றார் ஆசிரியை. வகுப்பே கைதட்டியது.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கையில் கேட்டேன். “அண்ணே, அது சும்மா உதாரணத்துக்குத்தானே?”

“இல்லப்பா, நெசந்தான். ரொம்ப நாளா எந்திரிக்கல. யாருகிட்டயும் சொன்னதில்ல. தமிழ்ல சொல்ல வந்தா தொண்டைய அடைக்குது. இங்கிலீசுல வேற யாரோ வீட்டுக் கதையாட்டம் இருக்குது.”

அடுத்த ஞாயிறு முதல் அவர் வரவில்லை. அந்த அம்மாவுக்கு என்னவாயிற்றோ! விசாரிக்கலாமென்றால், எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.