சுவரில் பதிந்த கையும் ஷாகிரா மேடமும்

கோட்டக்குப்பத்திலிருந்து ஷாகிரா மேடத்தின் தம்பி போன் செய்தபோது மிக்சிங் ஷெட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. வெளியே உப்பளத்துப் பக்கம் வந்து மறுபடியும் சொல்லச் சொன்னேன். "அக்கா மௌத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறோம்" என்றார். முந்தைய நாள் மாலை தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். துபாயிலிருந்து கணவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது.

மரக்காணத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் சிறிய பெயிண்ட் கம்பெனியில் அவர் கெமிஸ்ட். நான் மிக்சிங் ஷெட்டுக்குப் பொறுப்பு. எங்களோடு வேலை செய்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அவருடைய வலது கட்டைவிரலாகத்தான் இருக்கும். அது எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். ஒவ்வொரு முறை பெயிண்ட் தயாரானதும் அட்டையில் பூசி, காய்வதற்குள் ஓர் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்ப்பார். தேய்த்த இடம் மட்டும் அடர்ந்து தெரிந்தால் அந்தப் பெயிண்ட் விற்பனைக்குப் போகாது. "பொடி தண்ணியில கரையாதுங்க. ஒண்ணையொண்ணு தேடிப்போயி ஒட்டிக்கப் பாக்கும். ஒட்டவிடாம பாத்துக்கறதுதான் நம்ம வேலை" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். அந்த வேலையைச் செய்வது சர்பாக்டன்ட். ஷெட்டில் நாங்கள் அதைச் சோப்பு என்போம். அரைபட்ட நிறப்பொடியின் ஒவ்வொரு துகளையும் சுற்றிக்கொண்டு, அடுத்த துகளைக் கிட்டே வரவிடாமல் தள்ளி நிறுத்தும்.

கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருடம், உப்பளத்துக்கு மேற்கே ஒரு குப்பத்துக்காகப் புது வீடுகள் கட்டினார்கள். உள்சுவருக்கு வெளிர்நீலம். பெயிண்ட் எங்களுடையது. பூசி முடித்த சில நாளில் குப்பத்து ஆட்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். கதவைத் திறந்தவர்கள் அப்படியே வெளியே வந்துவிட்டார்கள். சுவரெல்லாம் கைகள். வெளிர்நீலத்தில் கருநீலமாக உள்ளங்கைகள், விரல்கள், ஒரு வீட்டில் யாரோ சாய்ந்து நின்றதுபோல் தோளும் முதுகும். செத்தவர்கள் நமக்கு முன்னால் குடிவந்துவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்த சனம், மழைக்காலம் நெருங்கியும் அந்த வீடுகளுக்குப் போக மறுத்தது.

நானும் மேடமும் போய்ப் பார்த்தோம். பட்டப்பகல். காலி வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தோம். மேடம் சுவரை முகர்ந்து பார்த்தார். மிச்சம் கிடந்த டிரம்மைத் திறந்து கலக்கினார். தயிர் மாதிரி திரண்டிருந்தது.

மறுநாள் இரண்டு பாட்டிலில் அதே பொடியையும் அதே சோப்பையும் போட்டார். ஒன்றில் கடையில் வாங்கிய தண்ணீர், மற்றதில் எங்கள் கம்பெனி போர்வெல் தண்ணீர். சில நாளில் போர் தண்ணீர் பாட்டிலில் நீலம் அடியில் இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றது. கடல் வந்தபின் போரில் மெல்ல உப்பேறியிருக்கிறது. நாக்குக்குத் தெரியாத அந்த உப்பு சோப்பின் மின்னூட்டத்தை அமுக்கி, அதன் தள்ளும் சக்தியைக் குறைத்துவிட்டது. செய்த அன்று தேய்த்துப் பார்த்தபோது சரியாக இருந்த பெயிண்ட், டிரம்மில் கிடந்து கெட்டிருக்கிறது. சுவரில் ஈரம் காய்வதற்குள் யார் கை பட்டாலும், பட்ட இடத்தில் ஒட்டிய துகள்கள் பிரிந்து நீலம் அடர்ந்துவிடும்.

சத்தமில்லாமல் மேலே இன்னொரு கோட்டிங் அடித்துவிடலாம் என்றார் முதலாளி. "பயந்தவங்க கிட்ட காரணத்தச் சொல்லாம மூடினா, உள்ளயே இருக்குதுன்னுதான் நெனப்பாங்க சார்" என்றார் மேடம்.

குப்பத்தார் கூடிய இடத்தில் அவரே எழுந்து நின்று, எங்கள் பெயிண்டில்தான் தப்பு என்று சொன்னார். ஒரு பலகையில் அந்தப் பெயிண்டைப் பூசி, சற்றுப் பொறுத்துத் தன் உள்ளங்கையை வைத்துத் தேய்த்து எடுத்தார். எல்லார் கண் முன்னாலும் கருநீலக் கை ஒன்று எழும்பியது. பிறகு பெயிண்டர்களை வீடு வீடாக அழைத்துப்போய்ப் பதிந்திருந்த கைகளின்மேல் அவர்கள் கையை வைக்கச் சொன்னார். பொருந்தியது. ஏணியில் ஏறியவன் கை, பீடி பற்றவைக்கச் சாய்ந்தவன் தோள். சனம் சிரிக்க ஆரம்பித்தது.

கூட்டம் கலைந்தபோது அஞ்சலை என்ற பெண் மேடத்தின் கையைப் பிடித்துக் கடைசி வரிசையில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நானும் பின்னால் போனேன். பின்கதவை ஒட்டி, என் முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு கை இருந்தது. ஐந்து விரலும் விரிந்த சின்னக் கை. அஞ்சலையின் மகளுக்கு நான்கு வயது. கடல் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை.

மேடம் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு விசாரித்தார். பூசிய கையோடு பூட்டியாயிற்று, சாவி தன்னிடம்தான் இருந்தது, குப்பத்துப் பிள்ளைகள் யாரும் அதுவரை இந்தப் பக்கமே வந்ததில்லை என்றான் அவன். ஜன்னல்களும் உள்ளே தாழிட்டே இருந்தனவாம்.

"தொட்டாத்தான் கறுக்கும்னு நீங்கதான சொன்னீங்க மேடம்" என்றாள் அஞ்சலை. "தொட்டது யாரு?"

மேடத்திடம் நான் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறேன். பதில் இல்லாமல் அவர் இருந்ததில்லை. அன்று, "எனக்குத் தெரியலமா" என்றார்.

உப்புக்கு அசையாத வேறு சோப்பு ஒன்றைத் தேடிப்பிடித்தார். அதன் மூலக்கூறுக்கு வால் நீளம், பழைய சோப்பைப்போல மின்னூட்டத்தை நம்பாமல் உடம்பாலேயே துகள்களைத் தள்ளி நிறுத்தும் என்று எனக்கு விளக்கினார். கடலிலிருந்து தள்ளியிருந்த ஊரிலிருந்து லாரித் தண்ணீரும் வந்தது. புதுப் பெயிண்ட் டிரம்மில் நாள்கணக்கில் கிடந்தும் திரளவில்லை. மழைக்கு முன்பே எல்லா வீடும் பூசி முடித்தோம். அஞ்சலை வீட்டுப் பின்சுவரைத் தவிர. அதையும் அடிக்கச் சொல்லி முதலாளி சத்தம்போட்டார். அந்த வீடு முடிந்துவிட்டது சார் என்று மட்டும் சொல்லிவிட்டு மேடம் லேபுக்குள் போய்விட்டார்.

இந்த வருடம் கோடையில் அந்த வழியாக வரும்போது ஜீப்பை நிறுத்தச் சொல்லி மேடம் மட்டும் உள்ளே போனார். அஞ்சலை வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். திரும்பி வந்து ஜீப்பில் ஏறினார். கூனிமேடு தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "காஞ்ச பெயிண்ட் மாறாதுங்க ஏழுமலை. அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா அந்தக் கை கொஞ்சம் பெருசான மாதிரி இருக்குது." ஸ்கேல் கொண்டுபோய் அளந்து பார்த்துவிடலாமா என்று கேட்டேன். "வேணாம். போன வருசமும் நான் அளக்கல. இனிமேயும் அளக்க மாட்டேன். அவங்க வீடு அது" என்றார்.

அடக்கம் முடிந்த மறுவாரம், செய்தி சொல்ல நான்தான் அஞ்சலை வீட்டுக்குப் போனேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சநேரம் அழுதாள். பிறகு உள்ளே வரச்சொல்லி, வெளிச்சத்துக்காகப் பின்கதவைத் திறந்துவிட்டாள். நான் பார்த்தேன். என் விரல்களை விரித்து அதன்மேல் ஒருமுறை வைத்துப் பார்த்திருந்தால் போதும், அது இன்னும் நான்கு வயதுக் கைதானா என்று தெரிந்திருக்கும். என் கை எழுந்தது. அதை இன்னொரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். அஞ்சலை டீ கொண்டுவந்தாள். அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து இருவரும் மேடத்தைப் பற்றிப் பேசினோம்.

தெரிந்ததை ஊர் முன்னால் நின்று சொல்லவும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அதனருகே உட்காரவும் ஒரே துணிவுதான் வேண்டும் போலிருக்கிறது. ஷாகிரா மேடத்திடமிருந்து எனக்கு வந்தது அதில் ஒரு துளி. அதை வைத்துக்கொண்டிருக்கிறேன்.