ராஜாவுக்கும் கப்பலுக்கும் ஜெபம்

போன ஞாயிறு திண்டிவனத்தில் ஒரு புதுவீட்டு ஜெபம். இளம் போதகர் மைக்கைப் பிடித்துக் கண்ணை மூடியவர் திறக்கவே இல்லை. அடுத்த வீட்டில் யாரோ மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வறுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்த வாசனை வந்தால் பக்தி போய்விடும், இரண்டாம் உலகச் சண்டைக்காலம் வந்துவிடும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. சாமுவேல் உபதேசியாருக்கு உதவியாளாக ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போவேன். உத்தியோகம் என்ன என்றால், அவர் மூச்சு வாங்கும் இடத்தில் "ஆமென்" சொல்வது. அரை மணிப் பிரசங்கத்துக்கு ஒரு மணி ஜெபம் வேண்டும் என்பது அவர் கொள்கை. பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடிய கரி பஸ்ஸில் ஏறுமுன் ஜெபம் செய்வார். முடித்துப் பார்த்தால் பஸ் போயிருக்கும். பஸ் போனதற்கும் ஸ்தோத்திரம் சொல்வார். நாங்கள் நடப்போம்.

அப்படி நடந்து ஒருநாள் பிரம்மதேசம் பக்கம் ஒரு மல்லாட்டைக் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். உச்சிவேளை. கூலிக்காரர்கள் கூழ்ச்சட்டியைத் திறக்கும் நேரம். வரப்பில் தழை மூட்டிப் பச்சைக்காய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆத்தும ஆதாயத்துக்கு இதைவிட நல்ல நேரம் உண்டா?

ஒரு அம்மாள் கிட்டே வந்தார். "சாமி, எம்மவன் சடையன் பட்டாளத்துக்குப் போயிக்கிறான். அஞ்சு மாசமா கடுதாசி இல்ல. உங்க சாமிகிட்ட அவன் பேர ஒருவாட்டி சொல்லுங்க."

"அதுக்குத்தானேம்மா வந்திருக்கோம்" என்று உபதேசியார் கண்ணை மூடினார்.

ராஜாவுக்கு ஜெபித்தார். ராணிக்கு, வைசிராய்க்கு, கடலில் போகும் கப்பல்களுக்கு, சீன தேசத்து மிஷனரிகளுக்கு ஜெபித்தார். சீனாவுக்கு வந்தபோது ஒருவர் என் காதில், "ஐயா கண்ணத் தொறந்தா கூப்டுங்க, கூழு குடிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அரைக்கண்ணால் பார்த்தேன். கூட்டமே போய்க்கொண்டிருந்தது. சொல்லலாம்தான், ஆனால் ஜெபத்தில் கண் திறந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே! "ஆமென்" என்றேன், கொஞ்சம் பலமாக.

அவர் கண் திறந்தபோது எதிரில் அந்த அம்மாள் மட்டும் நின்றார், கூழ் குடிக்காமல்.

"இன்னா சாமி, கப்பலுக்கெல்லாம் சொன்னீங்க, எம்புள்ள பேரு வரலியே?"

"எல்லாரும் அதுல அடக்கம்மா."

"கூட்டத்தோட சேத்து வுட்டா அவன்னு எப்பிடித் தெரியும்?" என்றவர், எங்களை விட்டுவிட்டு மேலே பார்த்தார். கண்ணை மூடக்கூட இல்லை. "ஏசு சாமி, எம்மவன் பேரு சடையன். மாடு முட்டுன தழும்பு தாடையில இருக்கும். பாத்து அனுப்பிவுடு. மல்லாட்ட ஆயணும், வர்றேன்."

அவ்வளவுதான். காட்டுக்குள் போய்விட்டார். ஆமென் சொல்ல எனக்கு இடமே கிடைக்கவில்லை.

மறுவருஷம் மிஷன் பங்களா வாசலில் ஒருவன் வந்து நின்றான். தாடையில் தழும்பு. "அம்மா சொல்லிட்டு வரச் சொல்லுச்சி, வந்துட்டேன்னு" என்றான். அவனை உட்காரவைத்துப் பர்மாவைப் பற்றிக் கேட்டோம், ஏரோப்ளேன் பற்றிக் கேட்டோம், பட்டாளத்துச் சோற்றைப் பற்றிக்கூடக் கேட்டோம். உபதேசியார் அன்று மாலையே மிஷன் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். ஒரு மணி நேர ஜெபத்தின் வல்லமையால் ஓர் ஏழை விதவையின் மகன் திரும்பினான் என்று அச்சில் வந்தது. விதவை என்பது எங்கள் தீர்மானம். அவர் வீட்டுக்காரர் அறுவடைக்குத் திருவெண்ணெய்நல்லூர் போயிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பத்திரிகை திருத்தம் போடவில்லை.

இப்போது அந்தப் பத்திரிகை இல்லை, உபதேசியார் இல்லை, அவர் ஜெபித்த ராஜாவும் இல்லை. காட்டில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். மகன் பெயரை அத்தனை கவனமாகச் சொன்ன அந்த அம்மாளின் பெயர் என்ன என்று நாங்கள் கேட்கவே இல்லை. போன மாதம் அங்கே போய் விசாரித்தேன். சொல்வதற்கு ஒருவரும் மிச்சமில்லை.