மேசை அக்கா

“இழுக்காதீங்கப்பா, தூக்குங்க. தரைக்கு இப்பதான் புதுக் கல்லு போட்டிருக்காங்க. கீறல் விழுந்தா பிரின்சிபால் என் தோல உரிச்சிடுவார்.”

வராந்தாவில் பேசிக்கொண்டு போன இரண்டு மாணவர்களை மடக்கி உள்ளே அழைத்து, மேசையின் ஆளுக்கொரு முனையில் நிறுத்தியிருந்தார். சுவரோரம் இருந்த மேசை ஜன்னலோரம் போனது. ஒருவன் கையைத் தட்டிக்கொண்டே, “நேத்துதானே அக்கா இங்கேருந்து அங்க வச்சோம்?” என்றான். “நேத்து வெயில் வேற பக்கம் அடிச்சுது” என்றார் அவர். சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருவரும் ஓடினார்கள். அரை மணி கழித்து வேறு மூன்று பேர் வந்தார்கள். மேசை மறுபடியும் சுவரோரம் போனது.

கதவுக்கு மேலே உள்ள பலகையில் மாணவர் நல மையம் என்று எழுதியிருக்கிறது. அவர் அதன் ஆலோசகர். மனநலம் படித்தவர். ஐம்பதை நெருங்குகிறவர். புடவைக்கு மேல் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டியிருப்பார். மருத்துவர் பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லியிருக்கிறார். “வீட்டுல ஒரு முக்காலிகூட நகத்த மாட்டா. காலேஜுல மட்டும் என்ன பயில்வான் வேலையோ” என்று அவருடைய கணவர், அவரைப் பற்றி எழுதப் போன என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். கல்லூரி முழுக்க அவருக்கு மேசை அக்கா என்றுதான் பெயர். பக்கத்து அறை எழுத்தர், “அந்த மேசை நடந்த தூரத்துக்கு இந்நேரம் ஊரச் சுத்தி வந்திருக்கும்” என்பார்.

மேசை மட்டுமல்ல. மின்விசிறியைத் துடைக்க உயரமானவர்களைக் கூப்பிடுவார். சிக்கலான நூல்கண்டைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்வார். ஜன்னல் விளிம்பில் உள்ள செடித்தொட்டிகளை எதிர்க்கட்டடத்துக்குக் கொடுத்தனுப்புவார், பிறகு திரும்ப வாங்கி வரச் சொல்வார். அவருக்கு ஏதோ கிறுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் அதை மறுப்பதில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த அறைக்கு யாரும் வருவதில்லை. தூக்கம் வராமல் தவித்த ஒரு மாணவன் மட்டும் வந்தான். அவன் உள்ளே நுழைந்ததை யாரோ பார்த்துவிட்டார்கள். மாலைக்குள் விடுதியே அவனிடம், “என்னடா, வைத்தியம் முடிஞ்சுதா, ஊசி போட்டாங்களா?” என்று கேட்டது. அவன் மறுபடி வரவில்லை. அந்தப் பருவம் முடிவதற்குள் கல்லூரியைவிட்டே போய்விட்டான். இதைச் சொல்லும்போது அவர் நூல்கண்டை எடுத்து, ஏற்கெனவே பிரித்து வைத்த இடத்தை மறுபடி சிக்கலாக்கினார். “நான் அவன்கிட்ட தப்பா ஒண்ணும் பேசல. கதவுதான் தப்பு. அதுக்குள்ள நுழைஞ்சா ஊருக்கே சேதி.”

பிறகு ஒருநாள் இந்த மேசை வந்து இறங்கியது. தூக்குவதற்கு ஆளில்லாமல் வழியில் போன நாலு மாணவிகளைக் கூப்பிட்டார். வேலை முடிந்து மூன்று பேர் போனார்கள். நாலாமவள் கதவருகே நின்று செருப்பின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தபடி, “அக்கா, ஒண்ணு கேக்கலாமா?” என்றாள். அன்றிலிருந்து மேசைக்கு ஓய்வில்லை. தினமும் கண்டவர்களெல்லாம் உள்ளே வந்து போகிறார்கள். அதில் யார் பாரம் தூக்க வந்தார், யார் பாரம் இறக்க வந்தார் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. இதை எழுதினால் வித்தை வெளியே தெரிந்துவிடாதா என்று கேட்டேன். “தெரியட்டுமே. இந்த அறைக்குள்ள வர்ற முப்பது பேர்ல எவன் எதுக்கு வந்தான்னு தெரியாதில்ல? அது போதும் எனக்கு.”

அறைக்குள் வேறு சில நியமங்களும் உண்டு. மாணவர் உட்காரும் நாற்காலி கதவை ஒட்டி இருக்கும். அவருடையது உள்பக்கம். எழுந்து போக நினைப்பவருக்கும் கதவுக்கும் நடுவில் அவர் ஒருபோதும் உட்கார மாட்டார். என்ன பிரச்சினை என்று கேட்க மாட்டார். “உனக்கு எவ்வளவு நேரம் இருக்கு? நீ இங்க இருக்கிறது யாருக்காவது தெரியுமா?” இந்த இரண்டுதான். அடுத்து, “நீ சொல்றது எதுவும் வெளிய போகாது. உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் ஒருத்தர்கிட்ட சொல்வேன். அதையும் உங்கிட்ட சொல்லிட்டுத்தான்.” புகார் எழுது என்று யாரையும் தள்ளுவதில்லை. என்னென்ன வழி இருக்கிறது, எந்த வழியில் போனால் என்ன நடக்கும், எது நடக்காது என்று சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருப்பது சுலபமில்லை. அப்போது அவருடைய பாதம் மட்டும் மேசைக்கு அடியில் தாளம் போடும்.

கல்லூரியில் பாலியல் தொல்லைகளை விசாரிக்கும் புகார்க் குழுவின் தலைவர், எதிர்க்கட்டடத்தின் மாடியில் இருக்கும் சட்ட ஆசிரியை. இருவருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. இங்கிருந்து போகிற பிள்ளை பத்திரமாக அங்கே போய்ச் சேர்ந்ததும், ஆசிரியை இந்த அறை ஃபோனுக்கு ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடுவார். அது வரும்வரை மேசை அக்கா வேறு எந்த வேலையும் செய்வதில்லை.

இனி வருவதை, சம்பந்தப்பட்ட மாணவியே எழுதச் சொன்ன பிறகு எழுதுகிறேன்.

அவள் இறுதியாண்டு மாணவி. ஆய்வகப் பொறுப்பாளரான பேராசிரியர், மற்றவர்கள் போன பிறகும் அவளை நிறுத்திவைப்பார். கதவைச் சாத்துவார். செய்முறை மதிப்பெண் யார் கையில் இருக்கிறது என்பதை நினைவூட்டிவிட்டுத் தோளில் கை வைப்பார். நான் அங்கே போனதற்கு முந்தின வாரம் அவள் நூல் பிரிக்க வந்தபோது இதைச் சொன்னாள். புகார் கொடுத்தால் அவரோடு தனியாக இருக்க வேண்டியதில்லை, வேறொருவர் மேற்பார்வைக்கு மாறலாம், குழு கூப்பிடும்வரை பெயர் வெளியே போகாது என்று மேசை அக்கா விளக்கினார். அவள் பயம் வேறு. “அதுக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்சா வீட்டுக்கு ஃபோன் போட்டு என்னப் பத்தி எதையாவது கதை கட்டிடுவார்கா. அப்பா ரெண்டாவது வார்த்தை கேக்க மாட்டார். படிச்சு கிழிச்சது போதும்னு கூட்டிட்டுப் போயிடுவார்.”

நான் கிளம்ப எழுந்த நேரத்தில் அவள் வந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. “இன்னிக்கு மாடிக்குப் போய்ப் புகார் குடுத்துடலாம்னு வந்தேன்கா. காலையிலேருந்து அவர் முற்றத்துலயே நடந்துட்டிருக்கார். யாரோ சொல்லிட்டாங்க போல. எதிர்க்கட்டடப் படியில ஏறினா பாத்துடுவார்.” அவள் சொல்லி வாய் மூடவில்லை, வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

“மேசையப் புடி” என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல்.

பேராசிரியர் வாசலில் நின்றபோது மேசை தரையிலிருந்து எழும்பியிருந்தது. ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் அந்தப் பெண். அவர் பார்வை பெண்ணின் மேல் நின்றது.

“நீ என் லேப்தானே? இங்க என்ன வேலை?”

“மேசை தூக்க, சார்” என்றாள் அவள்.

“நல்ல நேரத்துல வந்தீங்க சார்” என்றார் அக்கா. “இதுங்களுக்கெல்லாம் கையில தெம்பே இல்ல. போன விளையாட்டு விழாவுல நீங்க குண்டு எறிஞ்சதப் பாத்தேனே. நீ விடும்மா, சார் புடிப்பார்.”

வாசலில் இரண்டு மாணவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் மறுக்க முடியாமல் அவர் முனையைப் பிடித்தார். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றார். அக்காவின் முகம் ஜன்னலைப் பார்த்து இருந்தது.

“நீ சும்மா நிக்காத. அந்தத் தொட்டிய எதிர்க்கட்டடத்துல குடுத்துட்டு வா. ரொம்ப நாளா கேட்டுட்டிருக்காங்க.”

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையசைக்கவில்லை. “விருப்பம் இருந்தா எடுத்துட்டுப் போ. இல்லன்னா அங்கேயே இருக்கட்டும், பரவால்ல.” அவள் தொட்டியை இரு கைகளாலும் அணைத்து எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

மேசை ஓரடி நகர்ந்திருக்கும். “ஐயோ சார், வச்சிடாதீங்க. உங்க பக்கத்துக் காலுல ரப்பர் மூடி கழண்டு விழுந்துடுச்சு. வெறும் இரும்பு. புதுக் கல்லு போயிடும்.” பிறகு என்னிடம், “கொஞ்சம் கீழ தேடிப் பாருங்களேன்” என்றார்.

குனிவதற்குமுன் ஜன்னல் வழியே பார்த்தேன். தொட்டியோடு அவள் முற்றத்தின் நடுவில் நின்றுவிட்டிருந்தாள். இடப்பக்கம் வெளிவாசல். வலப்பக்கம் மாடிப்படி.

மேசைக்கு அடியில் மண்டியிட்டேன். அங்கிருந்து எதுவும் தெரியவில்லை. பளபளப்பான பூட்ஸ்கள் ஒரு பக்கம், அக்காவின் தேய்ந்த தோல் செருப்பு மறுபக்கம். உருண்டுபோன ரப்பர் மூடியைச் சட்டென்று கண்டுபிடித்துவிட்டேன். அது அந்தச் செருப்புக்கு அடியில் இருந்தது. கறுப்பு விளிம்பு மட்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நான் கையை நீட்டினேன். செருப்பு இன்னும் அழுத்தமாக இறங்கியது.

“கிடைச்சுதா?” என்றார் பேராசிரியர்.

“தேடறேன், சார்” என்றேன்.

“இங்க யாரோ என்னப் பத்தி ஏதோ சொல்லிட்டிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன், மேடம்.”

“இங்க எல்லாரும் எல்லாத்தப் பத்தியும் சொல்றாங்க சார். நான் ஒரு காதுல வாங்கி வச்சுக்குவேன். இன்னொரு காது எனக்குக் கிடையாது.”

“அந்தப் பொண்ணு அடிக்கடி வருதா?”

“இந்தக் காலேஜுல இங்க வந்து மேசை தூக்காத ஆள் யாரு சார்? இப்ப நீங்களும் வந்தாச்சே.”

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேசை லேசாக ஆட ஆரம்பித்தது. எந்தப் பக்கம் தளர்கிறது என்று கீழேயிருந்து சொல்ல முடியவில்லை. மேலே அக்காவின் மூச்சு பற்களுக்கிடையில் சீறிச்சீறி வந்தது. இடுப்பு பெல்ட் கிறீச்சிட்டது.

“வச்சிடலாம், மேடம். தரை போனா போகட்டும்.”

“இன்னும் கொஞ்சம், சார். உங்களால முடியலன்னா சொல்லுங்க, வாசல்ல நிக்கிற பசங்களக் கூப்பிடறேன்.”

பூட்ஸ்கள் தரையில் அகன்று ஊன்றிக்கொண்டன. செருப்புக்குள் இருந்த பாதத்தின் விரல்கள் வெளுத்திருந்தன.

சுவரில் இருந்த ஃபோன் ஒரு தடவை அடித்து நின்றது.

“யாரோ கூப்பிடறாங்க” என்றார் பேராசிரியர்.

“தேவைன்னா மறுபடி அடிப்பாங்க, சார்” என்றார் அக்கா. என் கண்ணெதிரே அந்தச் செருப்பு மெல்ல எழும்பி, ரப்பர் மூடியை என் கைப்பக்கமாகத் தள்ளிவிட்டது.