இழுத்தால் வராத கை

லண்டன் லூயிஷாமில் எங்கள் மேல்வீட்டுக்காரருக்கு ஒரே படிக்கட்டில் மூன்று உறவுமுறை. எனக்கு அங்கிள். தையல்காரியான என் அம்மாவுக்குத் தம்பி. அவரைத் தேடி வரும் கறுப்பினப் பையன்களுக்கோ அவர் ‘மதர்’. ஆண்களை நேசித்த குற்றத்துக்காகப் பெற்றவர்கள் வெளியே தள்ளிய பிள்ளைகள் அவர்கள். அங்கிள் அவர்களுக்குச் சோறு போட்டு, கவுன் உடுத்தி மேடையேறவும் பழக்கினார். “சாப்பாடு குடுக்கிறவரை அம்மா எண்டு கூப்பிடுறதில என்ன பிழை?” என்றார் அம்மா.

ஒருநாள் அவர் கவுன் தைக்கச் சொல்லிப் பால்நிறச் சாட்டின் துணியோடு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது; மொழிபெயர்க்க என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். பூங்காவில் ஊஞ்சல் காத்திருந்ததால் நான் ஒற்றைக்காலில் நின்றேன். நூறு வருடத்துக்கும் முன்னே அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஒருவர், விடுதலையான பிறகு நண்பர்களோடு கவுன் உடுத்தி ஆடுவாராம். பொலிஸ் புகுந்தபோது, மற்றவர்கள் தப்பட்டும் என்று தனியாக நின்று மல்லுக்கட்டினாராம். கவுன் கிழிந்துபோனதாம். சனிக்கிழமை அங்கிள் அவராக நடிக்கப் போகிறார். பொலிஸ் இழுக்கும்போது கவுனின் ஒரு கை கழன்று வரவேண்டும். அத்தனையையும் ஒரே மூச்சில் தமிழில் சொல்லிவிட்டு ஓடினேன்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் முன்னறையில் ஒத்திகை. இரவு ஷிப்ட் முடித்து அப்பா உள்ளே தூங்கியதால் எல்லாமே கிசுகிசுப்பில் நடந்தது. பொலிஸாக வந்த பையன் கவுனின் கையைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இன்னொருவனும் சேர்ந்து இழுத்தான். அங்கிள்தான் முழுசாக வந்து சோபாவில் விழுந்தார், கை அப்படியே இருந்தது. பையன்கள் வெடித்துச் சிரித்தார்கள். அங்கிளுக்கு வேர்த்துக் கொட்டியது. நிகழ்ச்சிக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சத்தத்தில் எழுந்து வந்த அப்பா என்னைத்தான் பார்த்தார்.

“நீ என்ன சொல்லித் துலைச்சனீ? உன்ர தமிழும் நீயும்.”

“கழண்டு வரவேணும் எண்டுதான் சொன்னனான்” என்றேன். ஒருவரும் நம்பவில்லை. அப்பா திரும்பவும் படுக்கப் போய்விட்டார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அம்மா கவுனை வாங்கி உட்புறம் திருப்பினார். தோளைச் சுற்றி இரட்டைத் தையல், அதற்கு மேலே நாடா வேறு. தலை நிமிராமல் சொன்னார்: “பிள்ளை சரியாத்தான் சொன்னவள். பொலிஸ் இழுத்தா வரக்கூடாது எண்டு நான்தான் இப்பிடித் தைச்சனான்.”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் பையன்களின் சிரிப்பு நின்றது. அங்கிள் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். கை கிழிந்த பிறகும் அந்த மனிதர் ஓடாமல் நின்றார், அதைத்தான் சனம் பார்க்கவேண்டும் என்றார்.

“கிழிஞ்ச பிறகும் நிண்டவரோ?” என்று அம்மா என்னைக் கேட்டார்.

“ஓம்.”

அம்மா தையலைப் பிரித்தார். இழுத்தால் வருகிறமாதிரி, கையால் நாலைந்து பெரிய தையல் மட்டும் போட்டார். கண்ணீர் சாட்டினில் விழாதபடி முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டே தைத்தார். நல்ல தையலைப் பிரித்த கவலை என்று நினைத்தேன்.

ஊரில் ஒரு சோதனைச்சாவடியில் ஆமிக்காரன் பிடித்து இழுத்து அம்மாவின் சட்டைக் கை கிழிந்த கதையைச் சின்னம்மா எனக்குச் சொன்னது நான் வளர்ந்த பிறகுதான். அன்றைக்கு எனக்கு இருந்த அவசரம் வேறு. என் தமிழில் பிழையில்லை என்று சொல்ல, அம்மாவை அப்படியே விட்டுவிட்டு அப்பாவை எழுப்ப ஓடினேன்.