ஸ்ட்ரெஸ் என்ற சொல்

என் மனைவியின் பெருங்குடலில் பல வருடமாக அழற்சி. மருந்து குடித்தால் அடங்கும். பிறகு திரும்பவும் கிளம்பும். போன வருடம் குழாய் விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு கேட்கும் நாளில் நான் கொட்டாஞ்சேனையில் வேலையில் இருந்தேன். அவளுடைய அண்ணன்தான் கூடப் போனார். ஓரிடத்தில் புற்றுநோய் தொடங்கியிருந்தது.

நான் பின்னேரம் வெள்ளவத்தையில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தபோது வீடு நிறைய அவளுடைய ஆட்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஏதோ 'ஸ்ட்ரெஸ் ஜீன்' என்று டொக்டர் சொன்னதாக மச்சான் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அதை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

"தங்கச்சிக்கு அப்பிடியென்ன ஸ்ட்ரெஸ் இந்த வீட்டில?"

மாமி, அவளுடைய அம்மா, தேத்தண்ணீரை என் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் முன்கோபக்காரன். என் சத்தம் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் கேட்கும். அந்த வாரம் முழுக்க, தெரிந்தவர்கள் நின்றால் லிஃப்டில் ஏறவே கூசியது.

அடுத்த முறை நானே அவளைக் கூட்டிப்போனேன். உட்கார்ந்ததும் டொக்டரிடம் அதைத்தான் கேட்டேன். அவர் சிங்களவர், ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். தான் சொன்னது மனக்கவலையை அல்ல, உடம்பிலுள்ள கலங்கள், அதாவது செல்கள், படும் பாட்டை. அழற்சியில் கலங்கள் அடிபடும்போது அந்த ஜீன் விழித்து, அவை செத்துப்போகாமல் தாங்கிப் பிடிக்கும். நல்ல வேலைதான். ஆனால் அழற்சி ஓயாமல் இருந்தால், கெட்டுப்போன கலத்தையும் அது சேர்த்துக் காப்பாற்றிவிடக்கூடும். வீட்டுச் சண்டையால் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. மச்சானுக்குப் போன் எடுத்துத் தருகிறேன், இதை அவரிடமும் சொல்வீர்களா என்று கேட்டேன். போன் கையில் இருந்தது. டொக்டர் அதை வாங்காமல் என் மனைவியைப் பார்த்தார்.

"உங்கட வழக்கு முடிஞ்சுதெண்டா," என்றாள் அவள் மெதுவாக, "எனக்கு என்ன செய்யப்போகினம் எண்டும் கேளுங்கோ."

என் முகம் எரிந்தது. அவளுக்காக ஒரு கேள்வியும் நான் அதுவரை கேட்டிருக்கவில்லை. டொக்டர் கதிரையை அவள் பக்கம் திருப்பி, ஒப்பரேஷன் பற்றி அவளிடமே கதைக்கத் தொடங்கினார்.

பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். இப்போது வயிற்றில் மலம் சேரும் ஒரு பையோடு நடமாடுகிறாள், நோய் திரும்பவில்லை. பிழையாக விளங்கிக்கொண்டதற்கு மச்சான் ஒருநாள் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் பக்கத்தில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவளிடம் அதை இன்னும் கேட்கவில்லை.