வின்டர் எண்ணெய்

மலேசியாவில் ஏது வின்டர் என்று அன்று சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாமா, அப்பா, அம்மா, வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தை, மூன்று வயதுத் தம்பி. எதற்காகச் சிரிக்கிறோம் என்பதுகூடத் தம்பிக்குத் தெரியாது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவனும் சிரித்தான். அவனை மட்டும் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

நான் அப்போது பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வீடு மாசாயில். அப்பா விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். அம்மாவுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த வருடம்தான் வீட்டுக்குக் கார் வந்தது. ஓர் ஆசிரியை நன்றாக வைத்திருந்து விற்ற சின்ன வெள்ளைக் கார். எங்கள் வீட்டில் கார் லைசென்ஸ் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. அதனால் கார் வந்த மறுநாளிலிருந்து அம்மா தொழிற்சாலை பஸ்ஸை மறந்தார்.

அம்மாவுக்கு ஓட்டப் பழக்கியவர் மாமா. அம்மாவின் ஒரே அண்ணன். பண்டார் தெங்காராவில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினார். பொம்பளைக்கு எதற்கு லைசென்ஸ் என்று அப்பா கேட்டதாகவும், அதற்கு மாமா ஏதோ சொன்னதாகவும், பேச்சு தடித்துப் போனதாகவும் அரைகுறையாக என் காதில் விழுந்திருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் மாமா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பண்டார் தெங்காரா தூரம், அதனால் வரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கார் வந்த மூன்றாவது வாரம் அப்பாவே அவருக்குப் போன் செய்தார். "மச்சான், காடிக்குக் கருப்பெண்ணெய் மாத்தணும். எனக்கு மோட்டார் பத்திதான் தெரியும். நீங்க வந்து பாத்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்றார். காடி என்றால் கார். இன்ஜின் ஆயிலுக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பெயரை நாங்கள் அப்படியே தமிழாக்கிக் கருப்பெண்ணெய் என்போம். போன் பேச்சு முடிந்ததும் அம்மா சந்தைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு நண்டு சொல்லி வைத்தார். எண்ணெய் மாற்றுவதற்கு எதற்கு நண்டு என்று எனக்கு விளங்கவில்லை.

எனக்கு அந்த வயதில் கையில் கிடைத்த எழுத்தையெல்லாம் படிக்கிற வியாதி இருந்தது. மைலோ டின், உரமூட்டை, மின்சார பில், எதுவும் தப்பாது. காரின் டேஷ்போர்டு அறைக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு கையேடு கிடந்தது. சனிக்கிழமை முழுவதும் அதைப் படித்தேன். இந்த இன்ஜினுக்கு 0W-20 எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது. அந்த டபிள்யூ என்னவென்று அப்பாவின் போனில் தேடியும் பார்த்துவிட்டேன். பக்கத்தை அம்மாவிடம் காட்டியபோது அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்து, "ஆமா" என்றார். இந்த "ஆமா"வை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் மாமா வந்தார். லாரிப் பட்டறையிலிருந்து பெரிய கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வந்ததும் சட்டையைக் கழற்றினார். அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் போட்டு, அதில் மல்லாந்து காருக்கு அடியில் போய்விட்டார். அப்பா ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றார். நான் கேனைப் படித்தேன்.

"மாமா, புக்குல 0W-20 ஊத்தச் சொல்லியிருக்கு. நீங்க கொண்டாந்தது 20W-50."

மாமா தலையை மட்டும் வெளியே நீட்டினார். "ரெண்டுலயும் இருவது இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா அது வேற இருவது."

"இருவதுல என்னா வேற இருவது?"

"டபிள்யூன்னா வின்டர், மாமா. அதுக்கு முன்னாடி இருக்கிற நம்பர்…"

"அலமாக்" என்றார் மாமா. "மலேசியால ஏது வின்டர்? மாசாய்ல ஸ்னோ கொட்டுதா லா?"

அப்போதுதான் அந்தச் சிரிப்பு. நான் சொல்ல வந்ததில் பாதிகூட வாயிலிருந்து வரவில்லை. அந்த எண், குளிர்ந்து கிடக்கிற இன்ஜினை முடுக்கும்போது எண்ணெய் எவ்வளவு சீக்கிரம் ஓடிப் போய்ச் சேரும் என்பதற்கு. பின்னால் இருக்கிற எண் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. பனி பெய்தால்தான் என்றில்லை. இதையெல்லாம் நான் வரிசையாகச் சொல்லத் தயாராக இருந்தேன். கேட்கத்தான் ஆள் இல்லை.

"தண்ணி மாரி எண்ணெய ஊத்துனா இன்ஜினு தேஞ்சிப் போயிரும். என் லாரிக்கு இதான். பன்னெண்டு வருசமா ஒரு சத்தம் வந்ததில்ல."

"இது லாரி இல்லியே மாமா" என்றேன்.

"பெரியவங்க பேசுறப்ப குறுக்க பேசாத" என்றார் அம்மா. முந்தின நாள் கண்ணாடி போட்டுப் படித்து "ஆமா" சொன்ன அதே அம்மா. எனக்கு ஏறின கோபத்தில் அன்று நண்டைத் தொடவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை. மாமாவும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து ஓடு உடைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, கியர், கிளட்ச் என்று மூன்று மணி வரைக்கும் பேசினார்கள்.

அன்றிலிருந்து என் பெயர் வின்டர். மாமா போன் செய்தால், "வின்டர் இருக்கா? ஸ்வெட்டர் போட்டுக்கிட்டாளா?" என்பார். அவருடைய பிள்ளைகளும் அப்படியே கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்னா வின்டர், ஸ்கூல் இல்லியா?" என்பார். சரியாகச் சொன்னதற்காகப் பட்டப்பெயர் வாங்கிய பிள்ளை ஜொகூர் மாநிலத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மாமாவின் எண்ணெய் ஊற்றிய மறுநாள் காலையில் காரை முடுக்கியதும் டக்டக்கென்று ஒரு சத்தம் வந்தது. மேட்டில் ஏறும்போது கார் முக்கியது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ரோட்டைப் பார்த்தார். ஆனால் செவ்வாய்க்கிழமை சத்தம் இல்லை. என் பக்கத்து ஒரே சாட்சியும் இப்படி ஒரே நாளில் போய்விட்டதே என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

இரண்டு வாரம் கழித்து மாமா மறுபடியும் வந்தார். எண்ணெய் அளவு பார்க்க வந்ததாகச் சொன்னார். பானெட்டைத் திறந்து அளவுக் குச்சியை உருவி, நுனியில் இருந்த எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து அப்பாவிடம் நீட்டினார். "பாருங்க மாப்ள, என்னா பிசுக்கு. எண்ணெயின்னா இது. வின்டர் சொன்னத ஊத்தியிருந்தா இந்நேரம் இன்ஜினு கரகரன்னு ஆயிருக்கும்." அப்பாவும் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினார். அதன்பின் மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது மாமா வந்துவிடுவார், குச்சியை உருவிப் பார்ப்பார், சாப்பிடுவார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேன் வரும், அட்டைப் பெட்டி விரியும். என் பட்டப்பெயரும் கூடவே புதுப்பிக்கப்படும்.

படிப்பது தவிர எனக்கு இன்னொரு வியாதியும் இருந்தது. ஸ்டிக்கர் சேர்ப்பது. ஆப்பிள் பழத்தில் ஒட்டியிருப்பதைக்கூட விடமாட்டேன். ஒருநாள் காரின் கதவுப் பைக்குள் நீல நிற ஸ்டிக்கர் ஒன்று சுருண்டு கிடந்தது. எடுத்து நீவி, பென்சில் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவைத்தேன். சில மாதம் கழித்து அதேபோல் ஒன்று. பிறகு மூன்றாவது. எண்ணெய் மாற்றியதும் முன் கண்ணாடி ஓரத்தில் பட்டறைக்காரர்கள் ஒட்டுவார்களே, அந்த வகை. மூன்றாவதை ஒட்டும்போதுதான் அதில் பேனாவால் எழுதியிருந்ததைப் படித்தேன். தேதி, கார் ஓடிய தூரம், அதற்குக் கீழே 0W-20.

மூன்றிலும் 0W-20. மூன்று தேதியும் திங்கட்கிழமை. அம்மா ஷிப்ட் குறித்துவைக்கும் காலண்டரைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். மூன்றும் மாமா கேனோடு வந்த ஞாயிற்றுக்கு மறுநாள்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது. அம்மா நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. மாமா விரலால் தேய்த்துப் பெருமைப்பட்டதும் அப்பா தலையாட்டியதும் என்னுடைய வின்டர் எண்ணெயைத்தான். இது அத்தனையும் தெரிந்துகொண்டே, நான் வின்டர் வின்டர் என்று கேலி வாங்கியபோதெல்லாம் அம்மா கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

மறுநாள் பள்ளிக்குப் போகிற வழியில் கேட்டுவிட்டேன். அம்மா மறைக்கவில்லை. வேலை முடிந்து வரும்போது பட்டறைக்குப் போய்ப் போர்மேனிடம் மாற்றிக்கொண்டு வருவதாகவும், மாமா கண்ணில் படக்கூடாது என்று ஸ்டிக்கரை உடனே உரித்துவிடுவதாகவும் சொன்னார்.

"அப்ப நான் சொன்னதுதானே சரி?"

"சரிதான்."

"அத ஏன் மாமாகிட்ட சொல்லல?"

சிக்னலில் கார் நின்றது. "அவரு வர்றதே இதுக்குத்தான்" என்றார் அம்மா. "வாய மூடிக்கிட்டு இருக்கணும். என்னா?"

சரி என்றேன். மாமா எதற்கு வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, என் பெயர் அல்லவா கெட்டுக் கிடக்கிறது என்றுதான் மனதுக்குள் கொதித்தேன். ஆனாலும் ஏறக்குறைய இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. என் சுபாவத்துக்கு அது பெரிய காரியம். அதற்கும் பாராட்டு வரவில்லை.

தம்பியின் நான்காவது பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பக்கத்து வீட்டு அத்தை குடும்பம் வந்திருந்தது. மாமா பரிசுப்பொட்டலம் ஒரு கையிலும் நான்காவது கேன் மறு கையிலுமாக வந்தார். கேக் வெட்டி முடிந்தது. அத்தையின் கணவர் கார் புதிதாக வாங்கப் போவதாகச் சொன்னதுதான் தாமதம், மாமா எண்ணெயைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். கெட்டியாக ஊற்ற வேண்டும் என்றார். பட்டறைக்காரன் பேச்சைக் கேட்கக்கூடாது என்றார். "இந்தக் காடிக்கு மூணு தடவ என் கையால ஊத்தியிருக்கேன். கேட்டுப் பாருங்க. தங்கச்சி, நீ சொல்லு, எப்படி ஓடுது?"

"ரொம்ப நல்லா ஓடுதுண்ணே" என்றார் அம்மா.

"நம்ம வின்டர் பேச்சக் கேட்டிருந்தா?" என்று மாமா என் பக்கம் திரும்பினார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார்.

அம்மா மட்டும் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால் நான் எழுந்திருக்க மாட்டேன். இதை இப்போதும் சத்தியமாகச் சொல்வேன். உள்ளே போய்ப் பென்சில் பெட்டியைக் கொண்டுவந்து, மாமாவின் முன்னால் மூடியைத் திறந்து வைத்தேன். "இந்தக் காடில ஓடுறது உங்க எண்ணெய் இல்ல மாமா. அம்மா மறுநாளே பட்டறையில கொட்டிட்டு, புக்குல இருக்கிறத ஊத்திருவாங்க."

முதலில் அப்பாதான் சிரித்தார். அடக்க முடியாமல், தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இத்தனை நாள் கழித்து ஒருவர் என் பக்கம் சிரிக்கிறாரே என்று எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மாமா சிரிக்கவில்லை. அப்பாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, கையிலிருந்த கேக் தட்டைக் கீழே வைத்தார்.

"எத்தன தடவம்மா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மாவின் முகம் எப்படியோ ஆகியிருந்தது. "ஒரே ஒரு தடவதான்ணே. கடைசியா ஊத்துனீங்கல்ல, அது மட்டுந்தான். போர்மேன்தான் தெரியாம…"

மறுபடியும் பொய். அதுவும் கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகு. எனக்குத் தாங்கவில்லை.

"இல்ல மாமா, மூணு தடவ" என்றேன். மூன்று ஸ்டிக்கரையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, தேதியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

மாமா பெட்டியை வாங்கி, மூன்றையும் தானே ஒரு முறை படித்தார். பிறகு மூடியைச் சத்தம் வராமல் சாத்தி என்னிடமே கொடுத்தார். "நல்லா படிக்கிற" என்று சொல்லி, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தலையைத் தடவினார். என் சொந்தப் பெயரை. கேனைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனபோது, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி அம்மா கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினார். நண்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு மாமா வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பண்டார் தெங்காரா தூரம்தான் என்று நினைத்துக்கொண்டேன். என்னை வின்டர் என்று கூப்பிட அதற்குப் பிறகு ஆளே இல்லை. ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.