முன் சீட்டுப் பெண்

தினமும் பஸ்ஸில் ஒரு மனிதர் செம்மங்குப்பத்தில் ஏறி, சிதம்பரம் வரை என் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். நாற்பது வயதிருக்கும். கம்பெனிச் சட்டை, படிய வாரிய தலை. வழியெல்லாம் உதடு அசையும். சாமி பெயர் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மெதுவாக, திக்கித் திக்கிக் கேட்டார். "சார், முன் சீட்டுல இருக்காங்களே, அவுங்களக் காபி குடிக்கக் கூப்ட்டா தப்பா நெனப்பாங்களா? ரொம்ப நாளா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்குறேன். வாய்தான் வரல."

"கேட்டுப் பாருங்களேன்," என்றேன்.

சிதம்பரத்தில் இறங்கியதும் கேட்டுவிட்டார். அந்தப் பெண் நின்று கேட்டு, ஏதோ சொல்லிவிட்டு நடந்தார். திரும்பி வந்தவரின் முகம் வேர்த்திருந்தது.

"அவுங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சாம் சார். ஆனா நான் முழுசாக் கேட்டுட்டேன். திக்கவே இல்ல."

சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் தனியாக நடந்து போனார். அவர் குரலில் இருந்தது துக்கமா சந்தோஷமா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.